பழைய கம்ப்யூட்டரைக் கைமாற்றும் முன்



உங்களில் பலர் இந்நாட்களில் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது, சபை அலுவலகத்தில் இரண்டு இருக்கின்றன, விற்க நினைக்கிறோம், அல்லது படிக்கிற பிள்ளை யாருக்காவது கொடுக்க நினைக்கிறோம், அதற்கு முன் என்ன செய்யவேண்டும்?" என்பதே அந்தக் கேள்வி. இதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமானால் ஓரளவு புதிய பிராசஸரும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இருக்கவேண்டும். ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கம்ப்யூட்டர்களும் திடீரென்று "பழையவை" ஆகிவிட்டன.

பெருங்குடியில் இருக்கும் எங்களுக்கு இது பழகிய விஷயம். ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாறிய பழைய மகாபலிபுரம் சாலையின் இரு பக்கமும் கம்ப்யூட்டர் கம்பெனிகள். 2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டதிலிருந்து இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டருக்குக் குறைவில்லை. தமிழ்நாடு அரசின் தரவு மையமும் பெருங்குடி தொழிற்பேட்டையில் எல்காட் வளாகத்தில்தான் இருக்கிறது. கம்பெனிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழையவற்றைக் கழித்துவிட்டுப் புதியவற்றை வாங்குகின்றன. கழிக்கப்பட்டவற்றில் நல்லவை மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவில் மறுபடியும் விலைக்கு வருகின்றன. அங்கே வாங்கிய லேப்டாப்பில் படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள். பழைய பொருளை நல்ல நிலையில் கைமாற்றுவது நல்ல காரியம். அதைச் சரியாகச் செய்யும் முறையை இந்த இதழில் விளக்க விரும்புகிறோம்.

விற்பனையில் மூன்றாவது ஆள்

ஒரு சைக்கிளை விற்கும்போது இரண்டு பேர்தான் சம்பந்தப்பட்டவர்கள்: விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். கம்ப்யூட்டர் அப்படிப்பட்டதல்ல. அதில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. அவர் அந்த இடத்தில் இல்லை. தம்மைப் பற்றிய செய்தி கைமாறுகிறது என்பதே அவருக்குத் தெரியாது. யாருடைய பெயரும் விலாசமும் கடிதமும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறதோ அவரே அந்த மூன்றாவது ஆள்.

சபை அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானப் பதிவு, குடும்ப அட்டை, காணிக்கைக் கணக்கு, உதவித்தொகை கேட்டு விதவைகள் எழுதிய மனு, குடும்பத் தகராறு பற்றிக் குருவானவருக்கு வந்த கடிதம் ஆகிய எல்லாம் அதில் இருக்கும். பள்ளிக்கூடமானால் பிள்ளைகளின் ஜாதிச் சான்றிதழும் ஆதார் நகலும் இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில்கூட உங்களுடையது மட்டும் இருக்காது. உறவினர் அனுப்பிய ஜாதக நகல், மகளுக்குப் பார்த்த வரன்களின் விவரம், அண்டை வீட்டாருக்காக ஸ்கேன் செய்து கொடுத்த வங்கிப் புத்தகம் ஆகியவையும் தங்கிவிடும்.

மருத்துவமனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காசநோய் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று தூரத்து ஊரிலிருந்து வந்து சிகிச்சை பெறுகிறவர்கள் உண்டு. கணவனுக்குத் தெரியாமல் மனநல மருத்துவரைப் பார்க்கிற பெண்கள் உண்டு. விஷம் குடித்துப் பிழைத்த மாணவர்கள் உண்டு. இவர்கள் எங்களை நம்பித் தங்கள் பெயரைச் சொன்னார்கள். அந்த நம்பிக்கைக்குக் கம்ப்யூட்டர் பழையதாகிவிட்டதால் வயதாகிவிடுவதில்லை.

அழித்தால் அழிந்துவிடுமா?

"எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டோம், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டோம்" என்று பலர் நிம்மதியாகச் சொல்வார்கள். இங்கேதான் கவனம் வேண்டும்.

மருத்துவமனைப் பதிவேட்டு அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரிகளில் ஆயிரக்கணக்கான கேஸ் ஷீட்டுகள். எந்த நோயாளியின் தாள் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்ல, வாசலில் ஓர் அட்டைப் பெட்டி. கம்ப்யூட்டரில் ஒரு கோப்பை டெலீட் செய்யும்போது நடப்பது என்னவென்றால், வாசலில் உள்ள அட்டை மட்டும் கிழிக்கப்படுகிறது. கேஸ் ஷீட் அலமாரியிலேயே இருக்கிறது. "இந்தத் தட்டு காலி, புதிய தாள் வந்தால் இங்கே வைக்கலாம்" என்று மட்டும் குறித்துக்கொள்ளப்படுகிறது. புதிய தாள் வந்து அந்த இடத்தை நிரப்பும்வரை பழைய தாள் அங்கேயே கிடக்கும். அலமாரி அலமாரியாகத் தேடுகிறவருக்கு அது கிடைத்துவிடும்.

ஃபார்மட் செய்வதும் பெரும்பாலும் இப்படித்தான். "குவிக் ஃபார்மட்" என்பது பழைய அட்டைப் பெட்டியை எறிந்துவிட்டுப் புதிய, காலியான அட்டைப் பெட்டியை வைப்பதற்குச் சமம். அலமாரிகளை அது தொடுவதில்லை. இழந்த கோப்புகளைத் தேடி எடுத்துத் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதைத் தொழிலாகச் செய்யும் கடைகளும் சென்னையில் இருக்கின்றன. தவறுதலாகத் திருமணப் படங்களை அழித்துவிட்டவர்களுக்கு அவர்கள் பெரிய உபகாரம் செய்கிறார்கள். அதே வேலையை வேறு நோக்கத்தோடும் செய்யலாம் என்பதை நாம் மறக்கக்கூடாது.

உலகத்தில் நடந்தவை

இது வெறும் பயமுறுத்தல் என்று யாரும் எண்ணவேண்டாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இருவர் பழைய கடைகளிலும் இணைய ஏலத்திலும் 158 பழைய ஹார்ட் டிஸ்குகளை வாங்கிச் சோதித்து, 2003இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. அந்த 129இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து 5000க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்களும், மருத்துவம் சம்பந்தமான கடிதங்களும் கிடைத்தன. பணம் எடுக்கும் ஏ.டி.எம். இயந்திரத்தில் இருந்த ஒரு டிஸ்கும் அந்தக் குவியலில் இருந்தது.

இங்கிலாந்தில் பிரைட்டன் நகர மருத்துவமனை அறக்கட்டளை ஒன்று ஏறக்குறைய 1000 பழைய ஹார்ட் டிஸ்குகளை அழித்துவிடும்படி வெளியாள் ஒருவரிடம் ஒப்படைத்தது. அவற்றில் சில 2010இல் இணைய ஏலத்தில் விலைபோயின. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் விவரம் அவற்றில் இருந்தது, எச்.ஐ.வி. நோயாளிகளின் விவரமும் அதில் அடங்கும். 2012இல் அந்நாட்டுத் தகவல் ஆணையர் 3,25,000 பவுண்டு அபராதம் விதித்தார். மறு ஆண்டு, 2013இல், சரே பகுதியின் அரசு மருத்துவ நிர்வாகத்திற்கு 2,00,000 பவுண்டு அபராதம். அங்கே நடந்ததை நாம் நன்றாகக் கவனிக்கவேண்டும். "பழைய கம்ப்யூட்டர்களைப் பணம் வாங்காமலே எடுத்துக்கொள்கிறோம், டிஸ்குகளை அழித்துவிடுகிறோம், மற்ற பாகங்களை விற்றுக்கொள்கிறோம்" என்று ஒரு கம்பெனி சொன்னதை நம்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏலத்தில் அதில் ஒன்றை வாங்கியவர் அதற்குள் 3000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைக் கண்டார். இலவசமாக எடுத்துக்கொள்கிறோம் என்று வருகிறவர்கள் நம் ஊரிலும் உண்டு.

நம் நாட்டில் இதன் கனம் இன்னும் அதிகம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்டபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில், நோயைவிட அந்தப் பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயமே பலரைக் கொன்றது என்று சொன்னால் மிகையாகாது. வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்களையும் வேலையிழந்தவர்களையும் பற்றி நாம் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். இதனால்தான் 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. இதுபோலவே, எல்லாவிதத் தனிநபர் விவரங்களுக்குமாக 2023 ஆகஸ்டில் ஒரு பொதுச் சட்டம் வந்திருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தன் வசமுள்ள விவரங்களுக்கு உரிய பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு.

இனி, செய்யவேண்டியதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. முதலில் எடுத்துவையுங்கள்

துடைத்துவிட்ட பிறகு எதுவும் திரும்பி வராது. ஆகவே வேண்டியதை வெளியே எடுத்துவைப்பதே முதல் வேலை. ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுங்கள். எடுத்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் வைக்காதீர்கள்.

மறந்துபோகிற சிலவற்றைச் சொல்கிறோம். டேலி கணக்குகள் பெரும்பாலும் தனி ஃபோல்டரில் இருக்கும், அதையும் எடுக்கவேண்டும். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் இருப்பதைப் பாருங்கள். அவுட்லுக் வைத்திருப்பவர்கள் பழைய மின்னஞ்சல்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேஷக் குறிப்பு. சபைப் பத்திரிகை, சங்க அறிக்கை, ஆராதனை முறைமை போன்றவற்றைப் பல ஆண்டுகளாகப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்திருப்பீர்கள். கோப்பை மட்டும் எடுத்துப்போனால் புதிய கம்ப்யூட்டரில் அது புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருவையும் சேர்த்து நகல் எடுங்கள். முடிந்தால் யூனிகோடுக்கு மாற்றியும் ஒரு பிரதி வையுங்கள். ஒரு சபையின் முப்பது வருட வரலாறு இப்படித் தப்பிப் பிழைக்கும்.

மருத்துவமனை, கிளினிக் நடத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் கொடுக்கவேண்டும் என்றும் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. துடைக்கும் அவசரத்தில் வைத்திருக்க வேண்டியதையும் இழந்துவிடக்கூடாது.

2. கணக்குகளிலிருந்து வெளியே வாருங்கள்

இந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் பல இடங்களோடு இணைந்திருக்கிறது. கூகுள், மைக்ரோசாஃப்ட், முகநூல் ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் "சைன் அவுட்" செய்யுங்கள். உங்கள் கைபேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, "லிங்க்டு டிவைசஸ்" என்ற இடத்தில் அந்தக் கம்ப்யூட்டரின் பெயர் இருந்தால் நீக்குங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் அதை எடுத்துவிடுங்கள்.

ஆப்பிள் கம்ப்யூட்டரானால் "ஃபைண்ட் மை" வசதியை நிறுத்தி, ஐகிளவுடிலிருந்து வெளியேறுவது மிக அவசியம். அதைச் செய்யாமல் விற்றால், புதிய மாடல்களில் வாங்கியவர் அதைத் திறந்து பயன்படுத்தவே முடியாது. பணம் கொடுத்து வாங்கிய ஒரு மாணவி அதை வைத்துக்கொண்டு அழுவதற்கு நாம் காரணமாகக்கூடாது.

டேலி போன்ற மென்பொருள்களின் உரிமத்தை அந்த மென்பொருளுக்குள்ளேயே "சரண்டர்" செய்தால்தான் புதிய கம்ப்யூட்டரில் அதைப் பயன்படுத்தலாம். கம்ப்யூட்டருடனே வந்த விண்டோஸ் உரிமம் அதனுடனேயே போகும். கம்ப்யூட்டர் தொடங்கும்போதே கேட்கும் பயோஸ் பாஸ்வேர்டு ஏதாவது வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். வருமான வரிக்காகவோ அறக்கட்டளை அறிக்கைக்காகவோ வைத்திருக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பின்பக்கம் செருகியபடியே இருக்கும். அதைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

3. டிஸ்கைத் துடையுங்கள்

முதலில் உள்ளே இருப்பது எந்த வகை என்று அறியவேண்டும். சுழலும் தட்டுகள் கொண்ட பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு வகை. எஸ்.எஸ்.டி. எனப்படும் அசையாத சில்லு மற்றொரு வகை.

ஹார்ட் டிஸ்கானால், அலமாரியின் எல்லாத் தட்டுகளிலும் வெற்றுத்தாளை அடுக்குவதுபோல, முழு டிஸ்கின்மேலும் பூஜ்யங்களை ஒருமுறை எழுதிவிட்டால் போதும். ஏழுமுறை எழுதவேண்டும், முப்பத்தைந்துமுறை எழுதவேண்டும் என்றெல்லாம் சிலர் சொல்வது பழைய காலத்து டிஸ்குகளை மனதில் வைத்து எழுந்த பேச்சு. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2014இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியின்படி இந்நாளைய ஹார்ட் டிஸ்குக்கு ஒருமுறையே போதுமானது. ஒரு டெராபைட் டிஸ்குக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். பழையதானால் இரவு முழுவதும்கூட ஆகலாம். நடுவில் மின்சாரம் போகாதபடி யு.பி.எஸ்.ஸிலோ சார்ஜரிலோ இணைத்து வையுங்கள்.

எஸ்.எஸ்.டி.க்கு இந்த முறை முழுப் பலன் தராது. அது தேய்மானத்தைச் சமப்படுத்துவதற்காக எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொண்டே இருக்கும். வெளியே தெரியாத உபரி இடமும் அதற்கு உண்டு. நாம் மேலே எழுதியது எல்லா மூலைக்கும் போய்ச் சேராது. ஆகவே அதைத் தயாரித்த கம்பெனி தரும் மென்பொருளிலோ, சில கம்ப்யூட்டர்களில் பயோஸ் பட்டியலிலோ உள்ள "செக்யூர் இரேஸ்" என்ற கட்டளையைப் பயன்படுத்தவேண்டும். இன்னொரு நல்ல வழி, டிஸ்க் முழுவதையும் முதலில் பூட்டுமொழியாக்கி, அதாவது என்கிரிப்ட் செய்து, பிறகு துடைப்பது. சாவி போய்விட்டால் மிஞ்சிய துண்டுகள் யாருக்கும் பயன்படாது.

வீட்டில் செய்கிறவர்களுக்கு எளிய வழியும் உண்டு. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ரெக்கவரி, அதில் "ரீசெட் திஸ் பிசி" என்று போங்கள். "ரிமூவ் எவ்ரிதிங்" என்பதைத் தெரிந்தெடுங்கள். அத்தோடு நின்றுவிடாமல் "சேஞ்ச் செட்டிங்ஸ்" என்பதை அழுத்தி, "க்ளீன் டேட்டா" என்பதற்கு "யெஸ்" என்று கொடுங்கள். பலர் இந்தக் கடைசிப் படியைத்தான் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் அட்டைப் பெட்டி மட்டும்தான் மாறும். ஆப்பிளில் 2021க்குப் பிந்தைய மென்பொருளானால், "இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்" என்ற ஒரே கட்டளை புதிய மாடல்களில் இந்த வேலையை முடித்துவிடும்.

நோயாளிகளின் பதிவுகள் ஒருமுறையாவது இருந்த கம்ப்யூட்டரை நாங்கள் டிஸ்குடன் கொடுப்பதில்லை. டிஸ்கைக் கழற்றிக்கொண்டு, சிறிய புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்திக் கொடுக்கிறோம். செலவு கொஞ்சம்தான், வாங்குபவருக்கும் கம்ப்யூட்டர் வேகமாக ஓடும். கழற்றிய டிஸ்கை முதலில் துடைத்து, பிறகு டிரில்லிங் மிஷினால் துளையிட்டு உடைக்கிறோம். சில டிஸ்குகளின் தட்டு கண்ணாடியாக இருக்கும். கண்ணாடி அணிந்து, துணியால் சுற்றிச் செய்யவேண்டும். எஸ்.எஸ்.டி.யானால் உள்ளே உள்ள ஒவ்வொரு சில்லும் உடையவேண்டும்.

4. ஒளிந்திருக்கும் இடங்கள்

கம்ப்யூட்டர் மட்டுமே நினைவு வைத்திருக்கும் கருவி என்று எண்ணிவிடக்கூடாது. அலுவலகத்தில் இருக்கும் பெரிய ஜெராக்ஸ் மிஷின்கள் பலவற்றிலும் ஹார்ட் டிஸ்க் உண்டு. நகல் எடுத்த தாள்களின் உருவம் அதில் தங்கும். நியூயார்க்கில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகைக்கு வைத்திருந்து திருப்பிக் கொடுத்த ஜெராக்ஸ் மிஷினை 2010இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் வாங்கித் திறந்து பார்க்க, நோயாளிகளின் விவரங்கள் அதில் இருந்தன. 2013இல் அந்தக் காப்பீட்டு நிறுவனம் 12 லட்சம் டாலருக்கும் அதிகமாகச் செலுத்த நேர்ந்தது.

கண்காணிப்புக் காமிராவின் பதிவுப் பெட்டி, எக்ஸ்ரே கருவியோடு வந்த கம்ப்யூட்டர், இ.சி.ஜி. கருவி ஆகியவையும் இப்படியே. கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன் கருவிக்குத் தனிச் சட்டம் இருக்கிறது: 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யாத எவருக்கும் அதை விற்கவே கூடாது. சி.டி. டிரைவைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு சி.டி. இருக்கலாம். கீபோர்டுக்கு அடியில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டிய துண்டுச் சீட்டையும் எடுத்துவிடுங்கள்.

5. தூசி தட்டி, உள்ளதைச் சொல்லுங்கள்

உள்ளே சுத்தமான பிறகு வெளியே சுத்தம் செய்வோம். மின் இணைப்பைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி, மிச்ச மின்சாரத்தைப் போக்குங்கள். சி.பி.யு. பெட்டியைத் திறந்தால் சென்னை வீடுகளில் தூசியோடு கரப்பான் பூச்சியும் எறும்பும் பல்லி முட்டையும் இருக்கும். மென்மையான பிரஷாலும் காற்றாலும் அகற்றுங்கள். மின்விசிறியைக் காற்றில் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத் துணி உள்ளே படக்கூடாது. கடற்கரைக்கு அருகில் வாழும் நமக்கு உப்புக் காற்றினால் இணைப்புகளில் பச்சை படியும். ராம் அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டினால் பல "செத்த" கம்ப்யூட்டர்கள் எழுந்துவிடும். தேதி தவறாகக் காட்டினால் உள்ளே இருக்கும் வட்டமான சிறு பேட்டரியை மாற்றுங்கள். லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தால் அதை விற்காதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், தீப்பிடிக்கும்.

விண்டோஸ் 11 ஏற்காத கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுக்கலாம். அது இலவசம், தமிழிலும் இயங்கும். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இலிருந்தே இருக்கிறது. படிக்கும் பிள்ளைக்கு அது போதும்.

பிறகு ஒரு தாளில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: எந்த பிராசஸர், எவ்வளவு ராம், டிஸ்கின் அளவும் உடல்நிலையும், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், எந்தக் கீ வேலை செய்யவில்லை, எந்த விண்டோஸ், அதன் ஆதரவு நின்றுவிட்டதா. வாங்குகிறவர் பெரும்பாலும் நம்மைவிட வசதி குறைந்தவர். இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வருகிறவராகவும் இருக்கலாம். குறையை முன்பே சொல்லி விலையைக் குறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

சீரியல் நம்பர், தேதி, விலை, வாங்குபவர் பெயர், கையொப்பம் ஆகியவற்றோடு இரண்டு ரசீதுகள் எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். சபைகளும் அறக்கட்டளைகளும் கமிட்டியின் தீர்மானத்தோடு சொத்துப் பதிவேட்டிலிருந்து நீக்கவேண்டும். வெளிநாட்டு நன்கொடையில் வாங்கிய கம்ப்யூட்டரானால், விற்ற பணத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று உங்கள் ஆடிட்டரைக் கேட்டே செய்யுங்கள். டிஸ்கைத் துடைத்தது யார், எந்தத் தேதியில், எந்த முறையில் என்பதையும் அதே பதிவேட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். பிற்காலத்தில் யாராவது கேட்டால் அந்த ஒரு வரிதான் பேசும்.

6. விற்கத் தகாதவை

எழுந்திராத கம்ப்யூட்டரையும் குழாய் மானிட்டரையும் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அப்படிப் போட்டவற்றின் வயர்கள் செம்புக்காக எரிக்கப்படுகின்றன; போர்டுகள் அமிலத்தில் ஊறவைக்கப்படுகின்றன. குழாய் மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் நிறைய உண்டு. அந்தப் புகையைச் சுவாசிக்கிறவர்கள் பெரும்பாலும் சிறு பிள்ளைகளும் கூலிக்கு வேலை செய்யும் பெண்களும்தான்.

பெருங்குடிக்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்கவேண்டியதில்லை. தென் சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நம் பெருங்குடியில்தான் கொட்டப்பட்டது. 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தபோது நம் வீடுகளுக்குள் வந்த புகையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அதே ஆண்டில் பள்ளிக்கரணை, ராம்சார் என்னும் உலகப் பட்டியலில் பாதுகாக்கப்படவேண்டிய ஈரநிலமாகச் சேர்ந்தது. அதற்குள் நம் பழைய மானிட்டர் போய்ச் சேரவேண்டாம்.

மின்னணுக் கழிவுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமே கொடுங்கள். சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அவர்களிடம் கொடுக்கும்போதும் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். பிரைட்டனிலும் சரேயிலும் தவறிப்போனது இந்த ஒரு படிதான்.

ஒட்டி வைத்துக்கொள்ள

இந்தப் பகுதியைக் கத்தரித்து அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்தால் உதவியாக இருக்கும்.

நகல் எடுத்துத் திறந்து பார்த்தாயிற்றா?
எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறியாயிற்றா?
டிஸ்கை முழுவதும் துடைத்தாயிற்றா, அல்லது கழற்றியாயிற்றா?
சி.டி., பென் டிரைவ், டோக்கன், சீட்டு எல்லாம் எடுத்தாயிற்றா?
குறைகளை எழுதிக் கொடுத்தாயிற்றா?
ரசீதும் பதிவேடும் முடிந்தாயிற்றா?

இந்த ஆறுக்கும் "ஆம்" என்று சொல்ல ஒரு மாலைப்பொழுதும் ஓர் இரவும் போதும். கடினமாக இருந்தால் உங்கள் சபையின் வாலிபர் சங்கத்தில் விஷயம் தெரிந்த பிள்ளை நிச்சயமாக ஒருவர் இருப்பார். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் செய்யும்போது நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். கம்ப்யூட்டர் வெளியே போகும்போது அதில் பெயர் இருந்த ஒருவரும் அதனுடன் போகாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, அந்த மாலையில் நம்முடையது.